மாலை போட்ட கோழி

ஒரு காட்டில், காடு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மரம் மிச்சமிருந்த ஒரு காட்டில், உத்தண்டி என்ற கரடியும் அவன் மனைவி வள்ளிக்கண்ணுவும் கொல்லையில் கோழி வளர்த்தார்கள். உடனே பெரிய பண்ணை என்று நினைத்துவிட வேண்டாம். சம்பூர்ணம் என்றொரு கோழி, அவள் வீட்டுக்காரர் தர்மலிங்கம் என்றொரு சேவல். அவ்வளவுதான்.

சம்பூர்ணம் முட்டை போடுவாள். தர்மலிங்கம் அதைப் பற்றி விளக்கம் சொல்வார். சூரியன் ஏன் உதிக்கிறது, மண்புழுவை எந்தப் பக்கம் பிடித்து இழுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் உண்டு. யாரும் கேட்கவில்லையே என்பதெல்லாம் அவருக்கு ஒரு தடையா?

கார்த்திகை பிறந்தது. முட்டை நின்றது.

ஆம்லெட் இல்லாமல் உத்தண்டிக்குப் பொழுது விடியாது. கத்தியைத் தீட்டிக்கொண்டே கொல்லைக்கு வந்தான்.

"ஏண்டி, முட்டை எங்கே? ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலைன்னா நீயே சட்டிக்கு வந்துடு. மசாலா அரைச்சு வெச்சாச்சு."

சம்பூர்ணத்துக்குப் பயம் வந்தால் ரேடியோ செய்தித் தமிழ் வந்துவிடும். "எல்லாம் மாலையால்தான் எஜமான். கார்த்திகை பிறந்ததுமே மாலை..."

சீக்கிரம் வந்துவிடுகிறது, வெளிச்சம் போதவில்லை, அதனால் முட்டை வரவில்லை என்று முடித்திருப்பாள். முடிக்க விட்டால்தானே?

"ஐயையோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் வள்ளிக்கண்ணு. "மாலை போட்டிருக்குதுங்க! கழுத்தைப் பாருங்க, தடம் தெரியுது!"

அது பழைய இறகு உதிர்ந்த வழுக்கை. பனிக்காலம் வந்தால் எல்லாக் கோழிக்கும் உதிர்வதுதான். திருத்தலாம் என்று சம்பூர்ணம் அலகைத் திறந்தாள். கத்தியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"தெரியாம பேசிட்டேன் சாமி," என்று காலில் விழுந்தான் உத்தண்டி.

அன்றிலிருந்து சாமிக்கு வாழைப்பழம், அவல், பொரி. "சாமி சாப்பிட்டாச்சா? சாமிக்குக் குளிருதா?" விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல் மட்டும்தான் கொஞ்சம் கஷ்டம். குழம்புச் சட்டியில் கொதிப்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

தர்மலிங்கத்தால்தான் தாங்க முடியவில்லை. பழம் கிடைக்காததுகூட அவருக்கு வலிக்கவில்லை. தப்பான காரணம் ஒன்று தன் கண் முன்னால் மதிப்போடு நடமாடுகிறதே, அதுதான் வலித்தது. மார்கழியில் ஒருநாள் வேலி மேல் ஏறி நின்றுகொண்டார்.

"அட மக்குகளா! மாலைன்னா சாயங்காலம்! பகல் குறைஞ்சா கோழி முட்டை போடாது. கூண்டுல ஒரு பல்பு போட்டுப் பாருங்க, தானா வரும்!"

ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சம்பூர்ணம் கத்தி எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

வள்ளிக்கண்ணு கைகூப்பினாள். "சாமி, இவர் சொல்றது நெசமா?"

நிஜம் என்றால் அவள் கழுத்து போகும். பொய் என்றால் அவர் கழுத்து. சம்பூர்ணம் கண்ணை மூடி, "சாமியே சரணம்" என்றாள். அதற்குள் யார் எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

"சாமியையே பொய்யாக்குறியா நீ?" உத்தண்டி வேலியை நெருங்கினான். "சரி, நீ மாலை போட்டிருக்கியா?"

"இல்லை."

"முட்டை போடுவியா?"

"நான் சேவல் எஜமான். அது ஏன் முடியாதுன்னா, சேவலோட உடம்புல..."

"அப்ப நீ என்னதான் போடுவே?"

"விளக்கம்," என்றார் தர்மலிங்கம், மார்பை நிமிர்த்தி.

வள்ளிக்கண்ணு மட்டும் தயங்கினாள். "சாமி இருக்கிற வீட்டுல கவிச்சி கூடாதுங்களே?"

"வீட்டுக்குள்ளதானே கூடாது? கொல்லையில ரெண்டு செங்கல்லை வெச்சு மூட்டு."

தை போய் மாசி வந்தது. பகல் நீண்டது. ஒரு காலையில் கூண்டில் முட்டை கிடந்தது. "பார்த்தியா, விரதத்தோட பலன்!" என்று அடுப்பைப் பற்ற வைத்தான் உத்தண்டி. ஏன் எதற்கு என்று விளக்க, கொல்லையில் யாரும் இல்லை.

நீதி: ரொம்பத் தெளிவாகப் பேசினால் குழம்பில்தான் முடியும்.