பொன்மலர் வளாகத்தில் முழு அடைப்பு

கழிவறைப் பராமரிப்பு என்னும் நுண்கலையை மனித குலத்துக்கு அருளிய பெருமை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பொன்மலர் வணிக வளாகத்தையே சேரும். மற்றவர்கள் குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுவார்கள், அடைத்துக்கொண்டால் ஆள் கூப்பிடுவார்கள். பாமரர்கள். பொன்மலர் வியாபாரிகள் சங்கத் தலைவரும் பை வியாபாரியுமான ஜனாப் அக்பர் அலி, பிரச்சினையின் வேருக்கே போனார். குழாய் ஏன் கெடுகிறது? தண்ணீர் ஓடுவதால். ஆகவே மேல்தொட்டியிலிருந்து பெண்கள் கழிவறைக்கு வரும் வால்வை இறுக்கி மூடினார். கதவில் ‘உங்கள் சுத்தம், எங்கள் பெருமை’ என்று பெயிண்டில் எழுத வைத்தார். மோட்டார் ஓடுவது குறைந்தது, கரண்ட் மிச்சமானது, பெருமை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இந்தப் பெருமையைத் தாங்க முடியாமல் தவித்தவள் கொளஞ்சியம்மாள். அக்பர் அலியின் கடையில் சேல்ஸ் வேலை. எலவனாசூர்கோட்டையில் காலையில் பஸ் ஏறினால், ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை நின்ற கால்தான். தண்ணீர் ஊற்றாத குழாய் வேறு என்ன செய்யும், அடைத்துக்கொண்டது. உடனே வளாகத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு மாற்று ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: தண்ணீரே குடிப்பதில்லை. கொளஞ்சிக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். “இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி போயிடும். நிறைய தண்ணி குடி. வந்தா உடனே போயிடணும்.”

குடித்துவிடலாம். போவது எங்கே?

“பாய், என்னால முடியல” என்றாள் மறுநாள். “ஒண்ணு கக்கூஸ சரி பண்ணுங்க. இல்லாட்டி நான் நின்னுக்கறேன்.”

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம். வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிற ஜனங்கள்கூட ‘கொளஞ்சியக்கா இல்லியா?’ என்று கேட்டுத்தான் பை வாங்குவார்கள். அக்பர் அலி மனிதாபிமானத்தில் உருகினார். பிளம்பர் வீரமுத்துவுக்கு போன் போட்டு மறுநாள் காலையில் வரச் சொன்னார். சங்கத்தின் சார்பில் ஓர் அறிவிப்பு எழுதும்படி கொளஞ்சியிடம் அட்டையும் கொடுத்தார். அவள் எழுதினாள்: ‘பெண்கள் கழிவறைக் குழாயில் முழு அடைப்பு. நாளை சரிசெய்யப்படும்.’

அக்பர் அலி படித்துவிட்டுப் பதறிப்போனார்.

“இன்னாம்மா இது, கழிவறைன்னு பச்சையா எழுதிக்கினு! எதிர்ல நகைக்கடை. தாலி வாங்க வர்றவங்க இதப் படிச்சிட்டு உள்ள போவாங்களா?” ஒரு சொல் அடிபட்டது. “பெண்கள்னு பிரிச்சிப் பேசறது தப்பு. சங்கத்துக்கு எல்லாரும் ஒண்ணுதான்.” இன்னொன்று அடிபட்டது. “குழாய்ன்னு போட்டா, இன்னா குழாய்னு கேப்பாங்க. சரிசெய்யப்படும்னா, இப்ப சரியில்லன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆவுது.”

இப்படி நாகரிகப்படுத்தி முடித்தபின் மிச்சமிருந்தது இவ்வளவுதான்: ‘முழு அடைப்பு. நாளை.’ அடியில், ‘தலைவர், வியாபாரிகள் சங்கம்’ என்று கையெழுத்து. வளாகத்தின் வாசலில் அட்டை கம்பீரமாகத் தொங்கியது.

மறுநாள் காலை பொன்மலரில் ஒரு ஷட்டர்கூட ஏறவில்லை. பொன்மலர் சாத்தியிருப்பதைப் பார்த்து எதிர்வரிசை சாத்தியது. எதிர்வரிசையைப் பார்த்துக் கடைவீதி சாத்தியது. முகப்பில் கண்ணாடி வைத்த கடைக்காரர்கள் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, கல் வருவதற்குள் பூட்டினார்கள். கரும்பு விலைக்காக என்றார் ஒருவர். வரியை எதிர்த்து என்றார் இன்னொருவர். டீக்கடைகளும் ஓட்டல்களும் அடைபட்டன, அவற்றின் பின்பக்கத்துக் கழிவறைகளோடு.

அக்பர் அலி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றார். “இன்னாப்பா, இன்னாத்துக்கு அடைப்பு?”

“நல்லா கேட்டீங்க போங்க!” என்று அவர் கழுத்தில் மாலையைப் போட்டார் சங்கச் செயலாளர் பச்சமுத்து. “நீங்கதான பாய் போர்டு மாட்டுனீங்க! ஒத்த வார்த்தைக்கு ஊரே மூடிக்கிச்சி!”

சாக்கடை விஷயம் என்று சொல்ல அக்பர் அலி வாயைத் திறந்தார். மாலையில் சம்பங்கி வாசனை வந்தது. வாயை மூடிக்கொண்டார். தலைமைப் பண்பு என்பது இதுதான்.

வாசலில் பந்தல் எழுந்தது. பந்தல் நிறைய ஆள் வேண்டுமே? கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்தார்கள். எழுந்தால் சம்பளம் கட். பிளம்பர் வருகிறார் என்று நம்பி, அன்று காலையில்தான் கொளஞ்சி டாக்டரம்மா சொன்னபடி ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்திருந்தாள்.

வீரமுத்துவும் வந்தார், தோளில் நீளமான கம்பிச் சுருளோடு. பச்சமுத்து பாய்ந்து வந்து மறித்தார்.

“யோவ், எங்க போற?”

“அடைப்ப எடுக்கத்தான்.”

“அடைப்ப எடுக்கறியா? ஊரே ஒத்துமையா நிக்குது, நீ ஒத்த ஆளு வந்து எடுத்துடுவியா? கருங்காலி!”

“தலைவருதாங்க போன் பண்ணி எடுக்கச் சொன்னாரு.”

“பாத்தீங்களா, தலைவர் பேரச் சொல்லியே ஒத்துமையப் பொளக்கப் பாக்கறான்!”

வீரமுத்து தலைவரைப் பார்த்தார். தலைவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். கூட்டம் கோஷம் போட்டது. “எனக்கின்னாபா, எனக்குத் தியாகதுருகத்துல வேற வேல கெடக்குது” என்று வீரமுத்து வண்டியைத் திருப்பினார். போகிற வண்டியைப் பார்த்துக் கொளஞ்சிக்கு அழுகையே வந்துவிட்டது. அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடை ரஜியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிற்பகலில் பேச்சுவார்த்தைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்கு இளநீர் வெட்டினார்கள். வெயில் என்று இன்னொன்றும் வெட்டினார்கள்.

“உங்க கோரிக்கை என்ன?”

சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“கக்கூஸ் அடைப்புங்க ஐயா” என்றாள் கொளஞ்சி.

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். அக்பர் அலி சுதாரித்துக்கொண்டார். “உருவகமா சொல்லுது சார். ஊரோட வளர்ச்சியே அடைச்சிக்கினு கெடக்குது, யாரும் குத்தி வுட மாட்டேங்கறாங்கன்னு அர்த்தம்.”

“ஆகா, எவ்வளவு ஆழம்!” என்று அதிகாரி குறித்துக்கொண்டார். பரிசீலிப்பதாக உறுதியளித்தார். எதைப் பரிசீலிக்கப் போகிறார் என்று கேட்டு யாரும் அந்த வெற்றியைக் கொச்சைப்படுத்தவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் மாடியில் சங்க அறையில் பாராட்டுக் கூட்டம். பெண்களும் வரிசையாகப் படியேறினார்கள். மூன்றாவது இளநீரோடு அதிகாரி நடுநாயகமாக உட்கார்ந்தார்.

அக்பர் அலி மைக்கைப் பிடித்தார். “காலையிலேர்ந்து ஒரு வார்த்தை இல்ல, ஒரு அசைவு இல்ல! நம்ம பெண்கள் காட்டின அடக்கம் இருக்குதே, அதான் இந்தப் போராட்டத்தோட உயிர்நாடி! அந்த அடக்கத்துக்கு அடையாளமா, கொளஞ்சியம்மாளுக்கு ஐயா கையால சால்வை!”

சால்வை விழுந்தது. கொளஞ்சி கும்பிட்டாள். நிமிரும்போதுதான் மேடைக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள். ‘முக்கிய விருந்தினர்களுக்கு மட்டும்.’ அதிகாரிக்காகத் திறந்து, துடைத்து, வாளி நிறையத் தண்ணீரும் புதுச் சோப்பும் வைத்திருந்தார்கள். அவள் சால்வையோடு நேராக உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ரஜியா எழுந்து கதவருகே போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து நின்றார்கள்.

நன்றியுரைக்கு நடுவே மூன்று இளநீரும் தம் வேலையைக் காட்டின. அதிகாரி நெளிந்தார், எழுந்தார், வரிசையைப் பார்த்து வெளிறிப்போனார். அக்பர் அலி ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

“கொளஞ்சி! சீக்கிரம் வெளிய வாம்மா! ஐயா நிக்க முடியாம நின்னுக்கினு இருக்காரு!”

உள்ளே குழாயில் தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத குரலில் பதில் வந்தது.

“செத்த அடக்கிக்கினு இருக்கச் சொல்லுங்க பாய். எனக்குப் பின்னால இத்தினி பேரு நிக்கறாங்க. அதுவரைக்கும் ஐயா தாங்கிட்டாருன்னா, இந்தச் சால்வைய அவருக்கே போத்திடலாம்.”