மாமா கழட்டின கைப்பிடி

ஓசூரில் இருக்கும் அன்பு மருமகன் ஜெனித்துக்கு, திருவையாற்றுப் பக்கமிருந்து உன் அத்தை அமலோற்பவம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் ஆடும் கோழிகளும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கவில்லை, நீ சுகமாக இல்லை என்று உன் அம்மா போனில் சொல்லி அழுதுவிட்டார்கள். நான் கூப்பிட்டால் நீ எடுக்கிறதில்லை, அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்பு எழுத்து, தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உன் கம்பெனியில் நீ வரைந்து செய்த டிரில்லிங் மிஷின்தான் மாமாவைக் கொன்றது என்று சொல்லிச் சாப்பிடாமல் கிடக்கிறாயாம், வேலையை விடப்போகிறாயாம். அப்பா, உனக்கு உன் மாமாவைத் தெரியாது. எலக்ட்ரீசியன் ஜேசுராஜ் என்றால் ஊருக்கு வயரிங் செய்கிறவர், எனக்கு எதையும் கழட்டுகிறவர். கல்யாணமான மறுநாளே என் ட்ரங்குப் பெட்டியின் தாழ்ப்பாளைக் கழட்டினார். டேபிள் ஃபேனின் வலையைக் கழட்டினார், காற்று தாராளமாக வந்தது, என் முந்தானையும் தாராளமாக உள்ளே போனது. கோவில் மைக்கில் பஞ்சு எதற்கு என்று எடுத்துவிட்டார், அந்த ஞாயிறு பூசை முழுக்க சாமியார் மூச்சு விட்டதுதான் கேட்டது, பிரசங்கம் கேட்கவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கழட்டிவிட்டு, கண்ணில் வண்டு அடித்ததும் வண்டைத் திட்டினார்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ அந்த மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தாயே, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைக் காட்டி, "மாமா, ஓட்ட போடுற பிட்டு காங்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பில மாட்டுச்சுன்னா மிஷின் கைய முறுக்கும். ரெண்டு கையாலயும் புடிங்க" என்றாய். "ஆகட்டும் மாப்ள" என்றார். நீ ஏறின பஸ் திருப்பத்தில் மறையக்கூட இல்லை, அதற்குள் கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

"அந்தப் புள்ள அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போவுது, காதுல விழலையா?" என்றேன்.

"ரெண்டு கையும் மிஷினப் புடிச்சா, சாரத்த யாருடி புடிக்கிறது? நீ வந்து புடிக்கிறியா?"

"உங்களப் புடிச்சதே போதும்" என்றேன். சிரித்தார். கழட்டின கைப்பிடியை வீணாக்கவில்லை, உளுந்து உடைக்கிற திருகைக்கு மாட்டிக்கொடுத்தார். அதற்கு ரொம்பப் பொருத்தம்.

அப்புறம் அய்யம்பேட்டையில் ஹாஜா மைதீன் பாய் வீட்டு வேலை. மாமா சாரத்தில், நான் கீழே சித்தாளாக மணல் சட்டியோடு. பீமில் ஓட்டை போடும்போது பிட் கம்பியில் மாட்டிக்கொண்டது. நீ சொன்னபடியே மிஷின் சுற்றியது. ஒரு கை அதோடு முறுக்கிக்கொண்டு போனது, இன்னொரு கை மூங்கிலை விட்டது. அதற்குமேல் எழுத வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் அவர் படத்தை மாட்டலாம் என்று நானே அந்த மிஷினை எடுத்தேன். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அலமாரி மேல் வைத்தேன், அது நிற்காது என்று எனக்கு யார் சொன்னது, மூக்குக் கனத்தில் குப்புறச் சாய்ந்து கருவாட்டுக் குழம்பில் விழுந்தது. துடைத்துவிட்டு வாசல்நிலைக்கு மேலே லிண்டல் காங்கிரீட்டில் வைத்து அழுத்தினால், உள்ளே கம்பி. மிஷின் என்னைச் சுழற்றியது, நான் கண்ணாத்தாளைச் சுழற்றினேன், இரண்டு பேரும் முளைகட்டி வைத்திருந்த விதைநெல் மூட்டைமேல் விழுந்தோம்.

"ஏண்டி, ஒம் புருஷன் போன வழியிலயே போறதுன்னா போ, என்னய எதுக்குடி துணைக்குக் கூப்புடுற?" என்று கத்தினாள். நாங்கள் சிரித்தோம். அவர் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். பிறகு அழுதேன், அவளும் அழுதாள்.

அதனால் சொல்கிறேன், தப்பு உன்மேல் இல்லை. நீ சொன்னாய், அவர் கேட்கவில்லை. எழுந்து குளித்து வேலைக்குப் போ. நீ விட்டுவிட்டு வந்தால் அந்த நாற்காலியில் வேறு யாராவது வந்து உட்காருவான். அவனுக்கு உன் மாமாவைத் தெரியாது. இரண்டு கையாலும் பிடிக்கவும் என்று எழுதி ஒட்டிவிட்டு அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போவான். சாரத்தில் நிற்கிறவருக்கு மிஷினைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம் என்று இப்போது உனக்குத் தெரியும். பிட் மாட்டினால் மிஷின் தானாக நிற்கட்டும், கையை முறுக்க வேண்டாம். வைத்த இடத்தில் சாயாமல் உட்காரட்டும். கைப்பிடியைக் கழட்ட முடியாதபடி செய், முடிந்தால் என் வீட்டுக்காரர் மாதிரி ஆளைக் கொண்டு சோதித்துப் பார்.

மாதா உனக்குப் பசியைக் கொடுக்கட்டும், உன் அம்மாவுக்குத் தூக்கத்தைக் கொடுக்கட்டும்.

உன் அத்தை,
ஜே. அமலோற்பவம்

விட்டுப்போனது: மாமாவைப் பற்றி மேலே எழுதினதெல்லாம் நமக்குள். உங்கள் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்து, "கைப்பிடி இல்லாம ஓட்டினது அவரு தப்புதானேம்மா?" என்று கேட்டார். வாசலோடு அனுப்பிவிட்டேன். நான் சொல்லலாம், நீயும் சொல்லலாம், வேறு எவனும் சொல்லக்கூடாது. அங்கே யாராவது அப்படி எழுதினால் நீ ஒத்துக்கொள்ளாதே, தப்பு மிஷின்மேல்தான் என்று அடித்துச் சொல். அதைச் சொல்ல நம்ம வீட்டு ஆள் ஒருத்தன் அங்கே வேலையில் இருக்கணும்.