திருஷ்டி படாமல் வளர்ந்த பரங்கிக்காய்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போய்விட்டது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். மலேசியாவில் இந்தக் கெடா மாநிலத்தில் சோற்றைச் சாப்பிடுவதற்கு முன்னால் அதை நிற்கவைத்து விசாரணை செய்த ஒரே மனிதர் எங்கள் இன்ஸ்பெக்டர்தான்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. காய்கறி லோரி ஓட்டி ஓய்ந்தவர். பாடாங் செராயில் எங்கள் தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், கடைசி வீடு அவருடையது. தின்கிற பொருள் எதைக் கண்டாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “இது எங்க வெளஞ்சது?” அதனால் வந்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் கரண்டு பில் கொண்டு வருகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“நான் ஏத்தி எறக்காத தக்காளி இல்லக்கா. மலையில லோரி ஏறும்போது கொமரி, இங்க எறங்கும்போது கெழவி” என்பார். அந்தக் கிழவிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் போனபிறகு, தோட்டத்து வீட்டை விட்டு மகன் வாங்கிப் போட்ட இந்த வீட்டுக்கு வந்தேன். மகன் வேலை செய்வது சிங்கப்பூரில். இங்கே எனக்கு யாரையும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூச்சம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால், இன்ஸ்பெக்டருக்குப் பயந்து பின்சந்து வழியாக வருவேன். அவர் அங்கேயும் நிற்பார்.

“அக்கா, பையில என்ன?”

“கோசு தம்பி.”

“எங்க வெளஞ்சது?”

“கடையில.”

“கடையில சிமெண்டுத் தரைலா. அதுல எப்படிக்கா கோசு மொளைச்சிச்சு?”

அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் வேலியோரம் கொஞ்சம் புதினா நட்டேன். அவர் கேட்டால் கையைக் காட்டலாமே என்று. இப்படிப் பயந்து பயந்தே எங்கள் தாமானில் பல வீடுகளில் கறிவேப்பிலையும் கத்திரியும் வந்தன. அதோடு விட்டாரா? கோயிலுக்குப் பின்னால் புதர் மண்டிக்கிடந்த இடத்தை வெட்டிக் கொத்தி எல்லாருக்கும் பாத்தி பிரித்துக் கொடுத்துவிட்டார். காலையில் மண்வெட்டியால் வாசல் கேட்டைத் தட்டுவார். போகாவிட்டால் தட்டிக்கொண்டே இருப்பார். போய்த்தான் ஆகவேண்டும். போனால் பக்கத்துப் பாத்திக்காரி பேசுவாள். அவள் பேசினால் நானும் ஏதாவது சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டு லெட்சுமியின் குரலை நான் பக்கத்தில் கேட்டது அங்கேதான். நிறுத்த முடியாத குரல்.

இது கோயில் தலைவருக்குப் பிடிக்கவில்லை. திருவிழாவுக்கு வருகிறவர்கள் காடி நிறுத்த இடமில்லை, அந்த இடத்தில் தார் போடப் போகிறோம் என்றார். இன்ஸ்பெக்டர் நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

“தலைவரே, ஆடித் திருவிழா அன்னதானத்த எங்கக்கிட்ட வுடுங்க. எல்லாம் இங்க வெளஞ்சதுலயே சமைச்சுப் போடுறோம்.”

“உருளைக்கிழங்கு இல்லாம அன்னதானமாய்யா?”

“அதுக்கு நம்மளவிட நல்ல பாஸ்போர்ட் இருக்கு தலைவரே. எத்தன நாடு தாண்டி வருது. அது வேணாம்.”

தலைவர் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. “சரி. சனங்க எலையில மிச்சம் வெக்காம சாப்புட்டா எடம் ஒங்களுக்கு. மிச்சம் வச்சா மறுநாள் தார் லோரி வரும். பேச்சு மாறக்கூடாது.”

பாத்தியெல்லாம் செழிப்பாகத்தான் இருந்தது. திருவிழா நெருங்கும்போது காட்டுப் பக்கமிருந்து குரங்குக் கூட்டம் வந்து அன்னதானத்தை முன்கூட்டியே முடித்துவிட்டுப் போனது. பயத்தங்காய், கத்திரி, வெண்டை ஒன்றும் மிஞ்சவில்லை. குரங்குகளுக்கு எங்கே விளைந்தது என்று கேட்கிற பழக்கம் கிடையாது. நாங்கள் எல்லாரும் அதுகளைத் திட்டித் தீர்த்தோம். இன்ஸ்பெக்டர் மட்டும், “பரவால்லலா, அதுங்களும் இங்க வெளஞ்சதுதான்” என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு வீடு வீடாகப் போனார். வேலியில் காய்ப்பது எதுவாக இருந்தாலும் சரி, திருவிழாவன்று விடியக் கொண்டுவாருங்கள் என்றார்.

இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் அவர் செர்டாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கே பரங்கிக்காய்ப் பொரியல். வழக்கம்போல் கேள்வி கேட்டார். “வீட்டுக்குப் பின்னால காய்ச்சது” என்று பரிமாறியவர் சொன்னதும், இவர் சந்தோஷத்தில் மாப்பிள்ளையை மறந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டார். விதைகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்து, மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் காயவைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தார். என்னிடம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, “அக்கா, ஒங்களுக்கு மட்டும்தான். வெளிய சொல்லாதீங்க” என்றார்.

நான் ஏன் சொல்கிறேன்? அதுவும் காய்க்கிற கொடியைப் பற்றி யாராவது வெளியே சொல்வார்களா? கண் பட்டால் பிஞ்சிலேயே அழுகிவிடும். காய் திரள ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரரின் பழைய கைலியைப் போர்த்தி மறைத்தேன். எதிர்வீட்டு வேலியிலும் ஒரு பழைய சேலை கிடந்தது. லெட்சுமி துவைத்துக் காயப்போட்டதை எடுக்க மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

திருவிழாவன்று விடிய, காயைக் கைலியோடு தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். லெட்சுமி சேலையில் எதையோ கட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் ஒருவர் சாக்கில், ஒருவர் சைக்கிளில், ஒருவர் குழந்தை வண்டியில். ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்தோம். பரங்கிக்காய். பரங்கிக்காய். மறுபடியும் பரங்கிக்காய். கோயில் சமையல்கொட்டகையில் மலைபோல் குவிந்துவிட்டது.

“யோவ், எனக்கு மட்டும்தான்னு சொன்னியே” என்று லெட்சுமி கேட்க, எல்லாரும் அதையே கேட்டார்கள்.

“அப்புடிச் சொன்னாத்தானேக்கா நடுவீங்க? பாதி மொளைக்காதுன்னு நெனச்சேன். எல்லாரும் இப்படிப் போர்த்திப் போர்த்தி வளப்பீங்கன்னு யாரு கண்டா?”

தலைவர் எட்டிப் பார்த்தார். “திருஷ்டிக்கு ஒடைக்கிற பூசணிக்கே திருஷ்டியா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அது வெள்ளப் பூசணி தலைவரே. இது மஞ்ச. இதுக்குப் படும்” என்றாள் லெட்சுமி.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. “பரங்கியில பாயாசம் வெக்கலாம். தோட்டத்துல நாங்க வெப்போம்” என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான்.

“அப்ப அக்கா பாயாசம் பாக்கட்டும்” என்றாள் லெட்சுமி. பிறகு கொட்டகையில் அவள் ஆட்சி. தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு. துருவிப் பொரியல். வேலியில் மிச்சமிருந்த கொழுந்தைக் கிள்ளிவந்து கீரை. பூவில் பஜ்ஜி. அரிசி கெடா அரிசி, தேங்காய் எங்கள் மரம். வெங்காயம் மட்டும் கடையிலிருந்து வந்தது. அதை நறுக்கி முடிக்கும்வரை இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நான் ஒண்ணும் பாக்கல, நீங்க நறுக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தி உட்கார்ந்தது. ஒவ்வோர் இலையும் மஞ்சள் பூசிக் குளித்தது போல் இருந்தது. சனங்கள் இலையைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், பிறகு சாப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் தாமான்காரர்கள் சாப்பிட்ட அழகைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. எந்தத் துண்டு தன் வீட்டுக் காயோ என்ற பாசத்தில் ஒருத்தியும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் குழம்பை இரண்டாம் முறை கேட்டார்கள். இலை எறிகிற இடத்தில் தலைவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். பாயாசத்தை வழித்துக் குடித்தார். டம்ளரை மறுபடியும் நீட்டினார். நீட்டிக்கொண்டே கேட்டார்:

“ஏன்யா, இது எங்க வெளஞ்சது?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. பந்தி முழுக்கச் சிரித்தது.

இன்ஸ்பெக்டர் பாயாச வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். “தோ, அந்த அக்கா வீட்டு வேலியில.” எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் கொட்டகைக்குள் ஓடி ஒளியவில்லை.

தார் லோரி வரவே இல்லை. பாத்திகள் அப்படியே இருக்கின்றன. இன்ஸ்பெக்டர்தான் இப்போது ஜித்ராவில் மகன் வீட்டில் இருக்கிறார். கேட்டைத் தட்ட ஆள் இல்லாமலே நாங்கள் காலையில் எழுந்து போகிறோம்.

நான் எழுதியதில் பிசகு இருக்கலாம். அந்த விதை செர்டாங் கல்யாணத்து விதைதானா, வேறு ஊரா என்று எனக்கு நிச்சயமில்லை. ஜித்ரா பக்கம் போகிறவர்கள், காய்கறிக் கடையில் கடைக்காரனைத் திணறடித்துக்கொண்டு ஒருவர் நின்றால், தயவுசெய்து கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்படியே, என் வேலியில் பரங்கி மறுபடியும் காய் பிடித்திருக்கிறது, இந்தத் தடவை அக்கா கைலி போட்டு மூடவில்லை என்றும் சொல்லிவிடுங்கள்.