ஏழாம் எண் படிவமும் முள்ளம்பன்றிக் கூர்மதியும்

ஒரு காட்டில் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் கூர்மதி என்ற முள்ளம்பன்றி ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தாள். முதல் நாள் மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும், பக்கத்திலிருந்த புள்ளிமான் வேணி முள்ளுக்குப் பயந்து நைசாக நகர்ந்தாள். வேணி நகர்ந்ததால் அணில் தாமரையும் நகர்ந்தாள். கடைசியில் மரத்தடியில் கூர்மதி மட்டும்தான் இருந்தாள். கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே மூடி வைத்தாள்.

விஷயம் தலைமையாசிரியை நாரை அம்சவல்லியின் காதுக்குப் போயிற்று. அந்த வருடம் 'அனைவரையும் அரவணைக்கும் பள்ளி' என்று ஒரு ஷீல்டு கொடுக்கப்போவதாகக் காட்டுக் கல்வித்துறை அறிவித்திருந்தது. நாரையம்மா உடனே சுற்றறிக்கை விட்டார். இனி விளையாட்டுப் பீரியடு கிடையாது. அதற்குப் பதில் அரவணைப்புப் பீரியடு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து "நாம் அனைவரும் ஒன்று" என்று ஐம்பது தடவை சொல்ல வேண்டும்.

வட்டத்தில் கூர்மதிக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது.

"எல்லாம் உன்னாலதான்டி," என்றாள் வேணி. "நீ வர்றதுக்கு முன்னாடி நாங்க நிம்மதியா கோகோ ஆடிக்கிட்டு இருந்தோம்."

கூர்மதிக்கு அழுகை முட்டியது. மறுநாள் தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள்.

"டீச்சர், என்னை யாரும் சேர்த்துக்கலைன்னாலும் பரவாயில்ல. விளையாட்டுப் பீரியடைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"சேர்த்துக்கலையா?" என்றார் நாரையம்மா, ஒற்றைக்காலில் நின்றபடியே. "வாய்ப்பேச்செல்லாம் செல்லாதும்மா. ஏழாம் எண் படிவம் இருக்கு, நிரப்பிக் குடு. கீழே உன்னை ஒதுக்கினவங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும்."

கூர்மதி படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே வேணியிடமும் தாமரையிடமும் போனாள். வேறு யாரிடம் போவாள்?

"நீங்க ரெண்டு பேரும் என்னை ஒதுக்குறீங்கன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

வேணி வாங்கிப் படித்தாள். 'ஒதுக்கியவர் எத்தனை அடி தூரத்தில் அமர்ந்தார்? அளவுநாடாவால் அளந்து குறிக்கவும்' என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்தம்மாவுக்கு என்ன, பைத்தியம் புடிச்சிருச்சா?"

"ஒத்தைக்கால்லயே நின்னு யோசிச்சா இப்படித்தான் வரும்," என்றாள் கூர்மதி. சொன்னதோடு நிற்காமல் ஒரு காலைத் தூக்கி, இல்லாத கழுத்தை நீட்டி, "வாய்ப்பேச்செல்லாம் செல்லாதும்மா" என்றாள். கிளையில் இருந்த தாமரை சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தே விட்டாள்.

அன்று மதியம் மூன்று டப்பாக்கள் ஒன்றாகத் திறந்தன. ஒரு வாரத்தில் வகுப்பே கூர்மதியைச் சுற்றி உட்கார்ந்து நாரையம்மாவைத் திட்டியது. முள் குத்தத்தான் செய்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. பார்வையிட வந்த கல்வித்துறை அதிகாரிகள் அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஷீல்டைக் கொடுத்தார்கள். நாரையம்மாவும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு யானை மங்களம் டீச்சர் வந்தார். தங்கமான மனசு. விளையாட்டுப் பீரியடைத் திருப்பிக் கொடுத்தார். படிவக் கட்டுகளையெல்லாம் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டார். திட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. பத்தே நாளில் மரத்தடியில் பேச்சு வற்றியது. வேணி வேறு கூட்டத்தோடு சாப்பிடப் போனாள். தாமரை "முள் குத்துதுடி" என்று மரத்தில் ஏறிக்கொண்டாள்.

கூர்மதி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், தனக்குத்தானே பேசிக்கொள்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "யானை டீச்சர் இனிமே ஞாயித்துக்கிழமையும் பரீட்சை வைக்கப்போறாங்களாம்."

"என்னது!" வேணி டப்பாவோடு ஓடிவந்தாள். தாமரை மரத்திலிருந்து குதித்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருடி. முழுசாச் சொல்லு."

கூர்மதி முள்ளை மடக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தாள்.

நீதி: எல்லோரையும் ஒன்றுசேர்க்க நல்ல தலைமையாசிரியை போதாது, மோசமான தலைமையாசிரியை வேண்டும். அப்படி ஒருவர் அமையாவிட்டால், இருப்பவரை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.