பதினொரு மீட்டர் திமிங்கிலம்

"உங்கள் படிவங்கள் அனைத்தும் பிழையின்றி உள்ளன. ஆகவே இவ்வாண்டு எங்கள் அலுவலர் நேரில் வரத் தேவையில்லை. பாராட்டுகள்."

ஐபிலிக் கடிதத்தை மூன்றாம் முறை படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அடியில் டேரில் என்று யாரோ புதியவன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

வடதுருவத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஊரின் வேட்டைக்காரர் சங்கத்துக்கு ஐபிலிக்தான் செயலாளர். யார் கொம்புத் திமிங்கிலம் பிடித்தாலும், நீளம் எவ்வளவு, ஆணா பெண்ணா, வயிற்றில் என்ன இருந்தது என்று எழுதி மீன்வளத் துறைக்கு அனுப்புவது அவன் வேலை. அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் எத்தனை பிடிக்கலாம் என்று சங்கமும் துறையும் சேர்ந்து முடிவு செய்யும். ஆறு வருஷமாக, படிவத்தில் தப்பு என்று சொல்லிக்கொண்டு துறையிலிருந்து கோலெட் ஆகஸ்டு மாதம் வந்து இறங்குவாள். நான்கு நாள் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, தேநீர் குடித்தபடி, "இந்த ஏழு, ஒண்ணு மாதிரி இருக்கே ஐபிலிக்" என்பாள்.

ஆறு வருஷத்தில் மொத்தம் இருபத்துநாலு நாள். மற்ற நாளெல்லாம் அவளை நினைத்து ஏங்குவதிலேயே போயிற்று. நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று அவனே தன்னைத் திட்டிக்கொள்வான், ஏக்கம் கேட்டால்தானே? இந்த வருஷம் அவளிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான்.

சங்கத் தலைவி சியாகுலுக் அவனுடைய பெரியம்மா மகள்.

"அக்கா, கோலெட் வரலையாம்."

"நல்லதாப் போச்சு. போன தடவை என் பங்குத் திமிங்கிலத் தோல்ல பாதியை அவதான் தின்னா."

"சேர்ந்து நிர்வாகம் பண்றோம்னா, நேர்ல மூஞ்சி பாத்துப் பேச வேணாமாக்கா?"

"யார் மூஞ்சியை?"

ஐபிலிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் துறையோடு தொலைபேசிக் கூட்டம். சங்கத்தார் ஆறு பேர் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அலுவலர் வராத விஷயத்தை சியாகுலுக் எடுத்தாள்.

"அலுவலர் நேர்ல வரணும்னு எல்லாரும் நினைக்கிறீங்களா?" என்றது தெற்கிலிருந்து வந்த குரல்.

ஆறு பேரும் புருவத்தை உயர்த்தினார்கள். ஆமாம் என்பதற்கு அந்த ஊரில் யாரும் வாயைச் செலவழிப்பதில்லை, புருவமே போதும். ஐபிலிக்கின் புருவம் தொப்பிக்குள்ளேயே போய்விட்டது.

"ஹலோ? வரணுமா?"

புருவங்கள் இன்னும் ஏறின.

"சரி, யாருக்கும் விருப்பமில்லைன்னு எழுதிக்கிறேன். நன்றி."

இணைப்பு அறுந்தது.

"நான்தான் தூக்கினேனே!" என்றான் ஐபிலிக்.

"டெலிபோன்ல புருவம் தெரியுமாடா மடையா?"

"நீயும்தானேக்கா தூக்கின?"

இனிச் சங்கத்தை நம்பிப் பயனில்லை என்று, அன்றைக்கே அவன் தனியாக ஒரு திருத்தம் அனுப்பினான். நாலரை மீட்டர் திமிங்கிலம் பதினொரு மீட்டர் ஆயிற்று. ஓர் ஆண் திமிங்கிலத்தின் வயிற்றில் குட்டி இருந்ததாக எழுதினான். இதைப் படித்தால் கோலெட் அலறிக்கொண்டு ஓடி வருவாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. சியாகுலுக் அதை உரக்கப் படித்தாள்.

"'தகவல்கள் நம்பத்தக்கவையாக இல்லை. அடுத்த ஆண்டு எண்ணிக்கை பற்றிய முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது. விசாரிக்க ஓர் அலுவலர் வருவார்.' ஆம்பளைத் திமிங்கிலத்துக்குப் பிள்ளையாடா? உன் ஆசைக்கு ஊர்ச் சாப்பாட்டுல கை வச்சுட்டியேடா, பாவி!"

"அலுவலர் வர்றாங்கன்னு போட்டிருக்கு இல்லக்கா?"

அலுவலர் வரும் நாளன்று ஐபிலிக் தலையை வாரிக்கொண்டு விமானத் திடலுக்குப் போனான். மெல்லிய கோட்டு ஒன்றில் நடுங்கியபடி கண்ணாடிக்கார இளைஞன் ஒருவன் இறங்கினான். "டேரில்" என்று கை நீட்டினான். ஐபிலிக் அவன் தோளுக்கு மேலே பார்த்தான். இன்னொருவர் இறங்குவார் என்று விமானி கதவைச் சாத்தும்வரை பார்த்தான்.

அலுவலகத்தில் சியாகுலுக் அவனை டேரிலுக்கு முன்னால் பிடித்துத் தள்ளினாள்.

"முதல்ல அனுப்பினதுதான் சார் நிஜம். திருத்தம் முழுக்க நான் எழுதின பொய்."

"எதுக்கு அப்படிப் பண்ணீங்க?"

"யாராவது வருவாங்கன்னு."

டேரில் திருத்தத்தைக் கிழித்துப் போட்டான். நிறுத்திவைத்த எண்ணிக்கை திரும்பக் கிடைத்தது. ஊர் மூச்சு விட்டது. ஐபிலிக்குக்கு மட்டும் இனி எந்த ஆகஸ்டும் கிடையாது. சரியாக எழுதினால் யாரும் வரப்போவதில்லை. தப்பாக எழுதினால் ஊர் பட்டினி.

"இதுக்கு முன்னாடியும் இப்படித்தானான்னு பாக்கணும். பழைய படிவங்களை எடுங்க" என்றான் டேரில். இரண்டு நாள் புரட்டினான். ஐபிலிக் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் டேரில் கண்ணாடியைக் கழற்றினான்.

"இந்த வருஷம்தான் இந்த வேலை எங்கிட்ட வந்துச்சு, அதனால கேக்கறேன். 'ஒரே தப்பு, நான் நேர்ல போனாத்தான் சரியாகும்'னு கோலெட் வருஷா வருஷம் எழுதிக் குடுத்துட்டு இங்க வந்திருக்காங்க. ஆறு வருஷத்தையும் பாத்துட்டேன், இதுல ஒரு தப்புகூட இல்லையே?"