இவ்விடம் நீங்கள் உட்பட யாவரும் சுகம்

பழனியாண்டவர் துணை

கொடைக்கானல்,
28-3-1960

கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் டாங்கனிகா தேசத்தில், கிளிமஞ்சாரோ மலைச்சரிவில், வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் பூண்டு போட்டுக் கொடுக்கப் போயிருக்கும் என் தங்கை சண்முகசுந்தரியின் புருஷன், மகாராஜராஜஸ்ரீ ஞானவேல் மாப்பிள்ளை அவர்களுக்கு, தபாலாபீசில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தி ஓய்ந்த மைத்துனன் திருமலைச்சாமி வணக்கத்தோடும் ஆசியோடும் எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகம். அந்த யாவரில் நீங்களும் அடக்கம் என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

போன ஆனி மாதம் உங்கள் ஊர் பூண்டியிலிருந்து நடந்து, விடியவெள்ளனே தகரப்பெட்டியோடு என் வாசலில் வந்து நின்ற உங்களைக் கொடை ரோடு ஸ்டேஷன்வரை கூட்டிப்போய் ரயிலேற்றிவிட்டது நான். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே சாட்சியும் நான். அப்படியிருக்க, மூன்றாவது வாரமே பஜாரில் மளிகைக்கடை அமானுல்லா ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு, "என்னங்க, உங்க மாப்பிள்ளை இன்னும் கெளம்பலீங்களா? நேத்து மத்தியானம் வந்து சீயக்காய் வாங்கிட்டுப் போனாரே" என்றார். நான் சிரித்தேன். கண்ணாடியை மாற்றுங்கள் என்றேன். அவரும் மாற்றினார். அடுத்த வாரம் நீங்கள் மறுபடி வந்தீர்களாம், புதுக் கண்ணாடியில் இன்னும் தெளிவாகத் தெரிந்தீர்களாம்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் வாழைப்பழக் கூடை சுமந்து வருகிற அழகம்மாள் என் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "மஞ்சு மூடிக் கெடந்துச்சு சாமி, முன்னால ஒருத்தர் போறாரு, திரும்பிப் பாத்து வெரசா வா ஆத்தா, மழை வருதுங்கிறாரு, பாத்தா உங்க மாப்பிள்ளை" என்றாள். ஆப்பிரிக்காவில் இருக்கிறவர் அங்கே எப்படி வருவார், வேறு எதையாவது பார்த்திருப்பாய் என்றேன். "வேற எதாச்சும்னா பாதிச் சுமையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு வருமாக்கும்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மஞ்சு இறங்கி மலை மறைந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். கொடைக்கானலில் மஞ்சு இறங்காத நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நான் வெளியே போகாத நாளே அதிகம்.

உங்கள் கடிதங்களைப் பார்த்தாவது தைரியம் கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இதுவரை நாலு வந்தன. நாலிலும், "சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே மலை இருக்கிறது. மண் சிவப்பு. பூண்டு முளைக்கிறது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஒன்பது மாதமாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தேன். எழுத்தின்மேல் எழுத்து, மைக்கறையின்மேல் மைக்கறை. என் சர்வீசில் ரப்பர் முத்திரைகூட இரண்டு தடவை ஒரே மாதிரி விழுந்து நான் கண்டதில்லை. நாலையும் மடித்து வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் துரைக்கே எழுதினேன். ஏர்மெயிலில் பதில் வந்தது. உங்களைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். ஞானவேல் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பனியில் நிற்கிறான், ஒரு குறையும் சொல்வதில்லை, இதே போல இன்னும் நாலு பேர் கிடைப்பார்களா என்று கேட்டிருக்கிறார்.

இனி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்று போன வாரம் வழியில் ஒரு ராத்திரி தங்கி, நடந்தே பூண்டிக்குப் போனேன். ஊரைத் தாண்டி இருக்கிற உங்கள் காட்டு வீட்டைச் சுற்றிப் பூண்டு வரிசை வரிசையாக நிற்கிறது. கூலிக்கு ஆள் வைத்த மாதிரியும் தெரியவில்லை.

"யாரும்மா நட்டது?" என்று சுந்தரியைக் கேட்டேன்.

"அவுகதாண்ணே."

"அவுக ஆப்பிரிக்காவுல இருக்காகம்மா."

"அப்படித்தாண்ணே எல்லாரும் சொல்றாக" என்று சொல்லிவிட்டு அவள் உலைக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள். எழுந்தபோதுதான் வயிற்றைப் பார்த்தேன். நாலு மாசமாம். நீங்கள் போய் ஒன்பது மாதம். நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுக்குள்ளிருந்து நீங்கள் வந்து மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கால் கழுவினீர்கள். பட்டப்பகல், மாப்பிள்ளை.

"வாங்க மச்சான், எப்ப வந்தீக?" என்றீர்கள்.

"இப்பத்தான். ஆப்பிரிக்கா எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டுவைத்தேன். வேறு என்ன கேட்பது?

"மலைதானாம் மச்சான். மண்ணு செவப்புன்னு கேள்வி. சாப்புட்டு உக்காந்து பேசுவோம். ஒங்ககிட்ட ஒரு சங்கதி கேக்கணும்" என்றீர்கள். நான் உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில்தான் பட்டிருந்தது, விரலிடுக்கில் சேறுகூட இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவசரமாக ஒரு சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. ரயிலேறிப் போனவர் வீட்டில் நடமாடுவது என்ன என்று பூண்டியில் கூடிப் பேசி, கிளாவரையிலிருந்து உடுக்கடிக்கிற கோடாங்கியை வரவழைத்து உங்களை உங்கள் வீட்டிலிருந்தே ஓட்டுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். சுந்தரி எனக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள்: "அவுகளை ஓட்டுனா நானும் கூடவே போயிருவேன்." எந்தத் திசைக்கு என்று அவள் சொல்லவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஆகையால், ஒப்பந்தம் முடியட்டும் என்று பார்த்திராமல் கிடைக்கிற கப்பலில் ஏறி வந்து, ஊர் நடுவில் நின்று, நான்தான் ஞானவேல் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லவேண்டியது.

குளிரில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளவும். தண்டாயுதபாணி நீங்கள் எங்கெங்கே இருக்கிறீர்களோ அங்கங்கே துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன்
திருமலைச்சாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். கதவைச் சாத்த நேரமில்லை. எதிரில் உட்கார்ந்து கடிதத்தை முழுதும் படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், கெளம்புறதுக்கு மொத நாளு எனக்குக் காய்ச்சல் கண்டுருச்சு. மூணு நாளு கண்ணே தொறக்கலை. சுந்தரிதான் கூட இருந்துச்சு. எந்திரிச்சு வெளிய வந்தா, நான் போயிட்டேன்னு ஊரே சொல்லுது, நீங்களே ரயிலேத்திவிட்டீகன்னு சொல்லுது. போகலைன்னு சொன்னா ஒங்க சாட்சிக் கையெழுத்துப் பொய்யாப் போயிருமேன்னு வெக்கப்பட்டு ஒங்க கண்ணுல படாம இருந்தேன். அன்னைக்குக் கேக்கணும்னு நெனச்சது இதுதான். நீங்க ஏத்திவிட்டது யாரை?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மனுஷச் சூடு. அவரும் நானும் இப்போதே பூண்டிக்குக் கிளம்புகிறோம். அவர் கையால் கோடாங்கிக்கே ஒரு வாய் சோறு போடச் சொல்லப்போகிறேன், மனுஷக் கைதானா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகையால் இதை அங்கே பிரித்துப் படிப்பவர், மேலே மாப்பிள்ளை என்று வருகிற இடத்திலெல்லாம் ஐயா என்று திருத்திக்கொள்ளவும். புறப்பட்டு வரச் சொன்னதை ரத்து செய்துகொள்ளவும். துரைக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனியில் ஒப்பந்தம் முடிந்தாலும் கப்பல் ஏறவேண்டாம், ஐயா. இங்கே அந்த இடம் காலியில்லை.