துருவின் நீளம், அகலம், ஆழம்

1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் எட்டாம் தேதி, பிரிக்பீல்ட்ஸ்வாசியும் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தாவுமாகிய திரு. கனகலிங்கம் அவர்கள், தமது வாகனத்தின் அடிச்சட்டத்தில் பிடித்துள்ள துருவை நீக்கிக்கொள்ள அனுமதி வேண்டி, வாகனப் பரிசோதனை அலுவலகத்துக்குப் பணிவுடன் ஒரு கடிதம் எழுதினார். அனுமதி தேவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தேவையில்லை என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதினார்.

வாகனம் 1959ஆம் வருடத்து ஃபோர்வீல் லோரி. நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்ததை வாங்கிவந்து வீட்டு முன்வாசலில் நிறுத்தியிருந்தார். கனகலிங்கம் முப்பத்து மூன்று வருடம் நில அளவை இலாகா ஒன்றில் இதே மாதிரி வண்டிகளின் சாவிகளை வைத்துக்கொண்டிருந்தவர். காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவி கொடுப்பார். மாலையில் சேற்றோடு திரும்பிவரும் வண்டியைப் பார்த்துச் சாவி வாங்குவார். ஒருநாளும் ஓட்டியதில்லை. குமாஸ்தா ஓட்டலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசை. அந்த மாதிரி ஒரு வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஒரு தடவை, சேற்றில் இறங்கவேண்டும்.

"தீபாவளி வரைக்கும் பார்ப்பன்," என்றார் அவர் மனைவி புனிதவதி. "அதுக்குள்ள இது ரோட்டுல ஓடணும். இல்லாட்டி எவன் வந்து கேட்டாலும் தூக்கிக் குடுத்துடுவன். வாசல்ல கோலம் போட எனக்கு இடம் வேணும்."

பழுதுபார்க்க வந்தவர் நசீருதீன். கிள்ளானில் சொந்தப் பட்டறை, வெல்டிங்கில் கைராசிக்காரர். அலுமினியப் பாடியைக் கழற்றித் தோட்டத்தில் வைத்துவிட்டு, அடிச்சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிங்' என்றது. கெட்ட இடத்தில் 'பொத்' என்றது. முன்பக்கம் வலது ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஒன்றுமே சொல்லவில்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"அண்ணே, எட்டு நாள் வேலை. சட்டம் கோணாம இருக்கக் குறுக்கே கம்பி கட்டிட்டு, அழுகினத நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டிடுவேன். மூணு மில்லி தகட்டுல பெட்டி மாதிரி செஞ்சு ஒட்டிடுவேன். தண்ணி வடியக் கீழ நாலு ஓட்டை. முடிஞ்சிச்சு."

"அனுமதி வரட்டும் தம்பி."

"யாரு அனுமதி?"

"எழுதிக் கேட்டிருக்கேன்."

நசீருதீன் சுத்தியலைக் கீழே வைத்தார். "கேட்டுட்டீங்களா? ஐயோ அண்ணே! கேக்காம இருந்தா அவங்களுக்குத் தெரியவே தெரியாதுலா!"

"ஒரு பென்சில் மாத்தறதுக்கே எழுதிக் கேட்டவன் தம்பி நான்."

அந்தக் கடிதத்துக்கு உடந்தை நான். பக்கத்து வீடு. இருபது வருடம் வெளிதேசத்தில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தேன். இரண்டு மொழி தெரியும் என்பதால், கடிதங்களுக்குக் கமா போடும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

ஆறு வாரம் கழித்து, அலுவலகத்திலிருந்து ராதாகிருஷ்ணன் என்ற இளம் அதிகாரி டேப்பும் போராங் என்னும் படிவமும் எடுத்துக்கொண்டு வந்தார். போராங்கில் மூன்று கட்டங்கள்: துருவின் நீளம், அகலம், ஆழம். நீளம் முப்பத்தாறு சென்டிமீட்டர். அகலம் ஒன்பது. ஆழம் பார்க்க ஸ்குரூ டிரைவரை வைத்தார்கள். அது மறுபக்கம் வந்து எட்டிப்பார்த்தது.

"ஆழம் எவ்வளவு போடட்டும் அங்கிள்?"

"அது ஓட்டை பொஸ்," என்றார் நசீருதீன். "ஓட்டைக்கு ஏது ஆழம்?"

ராதாகிருஷ்ணன் யோசித்தார். நேர்மையான பையன். 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "தங்கள் வாகனத்தில் காணப்படும் துருவின் ஆழம் 'இல்லை' எனப் பதிவாகியுள்ளது. ஆழமற்ற துரு, துரு எனக் கருதப்படமாட்டாது. ஆகவே, இல்லாத துருவை நீக்க அனுமதி வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம்."

நசீருதீன் சிரித்தார். நான் கோபப்பட்டேன். கனகலிங்கம் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லா எழுதியிருக்கான். குறை சொல்ல எங்கேயும் ஒரு பிடி இல்லை, பாருங்க. எங்க காலத்துல இப்படி எழுத நாலு பேர் வேணும்."

மேல்முறையீடு செய்தோம். இந்த முறை ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இரும்பு மிச்சமிருந்த இடமாகப் பார்த்து ஆழம் அளந்தார்கள். இரண்டு மில்லிமீட்டர். துரு அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டது. கொள்கையளவில் அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. இறுதி அனுமதி வரும்வரை துருவானது அளக்கப்பட்ட நிலையிலேயே உரிமையாளரால் பராமரிக்கப்பட வேண்டும்.

துருவுக்கு நிபந்தனை தெரியாது. மழை பெய்தது. அடுத்த பரிசோதனையில் நீளம் முப்பத்தெட்டு. கோப்பில் முப்பத்தாறு. "கணக்கு ஒத்து வரல அங்கிள்," என்று புதுப் போராங் திறந்தார் ராதாகிருஷ்ணன். அடுத்த மாதம் நாற்பத்தொன்று. மறுபடியும் புதுப் போராங்.

கனகலிங்கம் முன்வாசலில் தார்ப்பாய் கட்டினார். பகலில் மேசை விசிறி வைத்தார். காலையில் குளித்ததும் முதல் வேலையாகத் துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார்.

"இஞ்சாருங்கோ," என்றார் புனிதவதி. "கல்யாணம் கட்டி முப்பது வருஷம். எனக்கு ஒருநாள் எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்கிறீங்களா?"

"உனக்கு நிபந்தனை ஒண்டும் இல்லையே."

எண்ணெயை ராதாகிருஷ்ணன் மோந்து பார்த்தார். ஆதாரத்தில் கைவைத்த குற்றம். எண்ணெயைத் துடைக்கச் சொல்லி ஒரு கடிதம், துடைத்ததை உறுதிப்படுத்த ஒரு சாப் முத்திரை.

இந்தச் சமயத்தில்தான் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த பழைய ஃபோர்வீல் அன்பர் சங்கம் இந்தத் துருவைப் பற்றிக் கேள்விப்பட்டது. அந்த வருடங்களில் ஃபோர்வீல் வைத்திருக்காதவன் மனிதனில்லை என்று ஒரு காற்று அடித்துக்கொண்டிருந்தது. சங்கத்துத் தலைவர் சண்முகரத்தினம் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. பதினொரு பை வைத்த காக்கிச் சட்டை போடுவார். பதினொன்றிலும் ஒன்றும் இருக்காது. சங்கத்து வண்டிகள் தார் ரோட்டை விட்டு இறங்கியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் கிள்ளான் ஆற்றங்கரைச் சேற்றை ஒருவர் டின்னில் கொண்டுவந்து கொடுப்பார். அங்கத்தினர்கள் அதைப் பிரஷ்ஷால் கதவு வரைக்கும் அளவாகப் பூசிக்கொள்வார்கள்.

சண்முகரத்தினம் நேரில் வந்து குனிந்து பார்த்தார்.

"எங்ககிட்ட துரு இருக்கு. ஆனா யாரும் அளந்தது இல்லை," என்றார் பொறாமையை மறைத்துக்கொண்டு. "இது கவர்மெண்ட் அளந்தது. சாப் இருக்கு. நீங்க நம்ம சங்கத்துல சேரணும் கனகலிங்கம்."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அங்கத்தினர்கள் வந்து துருவைப் பார்த்தார்கள், புனிதவதியின் தேநீரைக் குடித்தார்கள், போனார்கள்.

அக்டோபரில் துரு வலது முன்பக்க ஸ்பிரிங் பிராக்கெட்டை எட்டியது. அங்கேதான் வண்டியின் சேசிஸ் நம்பர் வெட்டியிருந்தது. முதல் இலக்கத்துக்கும் துருவுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. நம்பர் அழிந்தால் வண்டி பதிவிலிருந்து நீக்கப்படும். கனகலிங்கம் அன்று சாப்பிடவில்லை. நசீருதீனையும் என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"பயப்படாதீங்க அங்கிள்," என்றார் ராதாகிருஷ்ணன். "நான் மேலே கேட்டுட்டேன். எஞ்சின் மாத்தலாம், சட்டத்துல இடம் இருக்கு. டயர் மாத்தலாம். பாடி மாத்தலாம். நம்பர் மட்டும் மாத்தக் கூடாது. அப்ப வண்டின்னா எது?"

முப்பத்து மூன்று வருட சர்வீஸ் கனகலிங்கத்துக்குள் எழுந்து நின்றது.

"நம்பர்தான்," என்றார்.

"அவ்வளவுதான். மத்ததெல்லாம் கூட ஒட்டிக்கிட்டு இருக்கிற சாமான். நம்பரை மட்டும் கொண்டாங்க."

"அண்ணே, வேணாம்," என்றார் நசீருதீன். "நான் சட்டத்தை ஒட்டித் தர்றேன். முழு வண்டியா ஓட்டிக்கிட்டு வருவோம்."

"இறுதி அனுமதி இல்லாமலா?" என்றார் கனகலிங்கம்.

நசீருதீன் நம்பர் இருந்த பகுதியை வெட்டி எடுத்தார். ஒரு ரொட்டி அளவு இரும்பு. அதைப் பிரம்புக்கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். முன்னால் ஒரு டாக்ஸி, பின்னால் ஒரு மணல் லோரி. நடுவில், தரையில், இரும்பு. ராதாகிருஷ்ணன் பட்டியலை எடுத்தார். புகை: இல்லை. இரைச்சல்: இல்லை. எண்ணெய்க் கசிவு: இல்லை. பிரேக்: காலால் தள்ளிப் பார்த்தார், நின்ற இடத்தில் நின்றது. மணல் லோரி மூன்று குறைகளோடு திருப்பி அனுப்பப்பட்டது. இரும்பு ஒரே தடவையில் தேறியது.

"1959 வண்டி இவ்வளவு சுத்தமா பாஸானதை நான் பார்த்ததே இல்லை அங்கிள்," என்று கைகொடுத்தார். ரோடு டாக்ஸ் வில்லையைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும். கண்ணாடி இல்லாததால் இரும்பிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், மிச்சமிருந்த சாமானை எடுத்துப்போகச் சொல்லி நசீருதீனிடம் கொடுத்துவிட்டார் புனிதவதி. வாசலில் பெரிய கோலம் விழுந்தது. கனகலிங்கம் கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து போய்வந்தார். இரும்பை வரவேற்பறையில் ஒரு மேசைமேல் வைத்திருந்தார். சில நேரம் அதன் இரண்டு பக்கமும் கைவைத்து, பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

சங்கத்தில் அந்த இரும்பு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. குறை இல்லாத வண்டி என்ற சான்றிதழ் வேறு யாரிடமும் இல்லை. முதலில் சண்முகரத்தினம் தமது வண்டியின் நம்பரை வெட்டினார். அது நல்ல வண்டி, ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும் வெட்டினார்கள். கழுவவேண்டாம், நிறுத்த இடம் தேடவேண்டாம், பரிசோதனையில் கட்டாயம் தேறும். நானும் சேர்ந்தேன். நான் வண்டி வாங்கி வெட்டவில்லை, நேராகத் துண்டாகவே வாங்கிவிட்டேன்.

டிசம்பரில் சங்கத்தின் வருடாந்தரச் சேற்றுப் பயணம், உலு லாங்காட் பக்கம். முப்பத்திரண்டு வாகனங்கள் கலந்துகொண்டன. குளிர்சாதன வசதி கொண்ட ஒரே பஸ்ஸில் போனோம். ஆளுக்கொரு இரும்பு, மடியில். காஜாங் தாண்டும்போது சண்முகரத்தினம் எழுந்து, நமது அணிவகுப்பின் ஒழுங்கைப் பாராட்டிச் சில வார்த்தைகள் பேசினார்.

தார் முடிந்த இடத்தில் டிரைவர் பிரேக் போட்டார். பஸ் நிற்கவில்லை. மெதுவாகப் பக்கவாட்டில் நழுவி, பின்சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்தது. குளிர்சாதனம் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஒரு வாகனமும் வரவில்லை. எங்கள் முப்பத்திரண்டைத் தவிர.

அப்போது காட்டுப் பாதையிலிருந்து உறுமிக்கொண்டு ஒரு லோரி ஏறிவந்தது. நான்கு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன. பின்தொட்டி நிறைய டுரியான். முன்சட்டம் புதுத் தகட்டில், சிவப்புப் பெயிண்டில், கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. நசீருதீன் தலையை நீட்டினார்.

"அண்ணே! நீங்களா? சங்கிலி இருக்கு, ரெண்டு நிமிஷத்துல இழுத்துடலாம்." இறங்கிவந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். "வாங்க, நீங்களே ஓட்டுங்க. உங்க வண்டிதானே! ஸ்டீயரிங் பூ மாதிரி திரும்புது."

கனகலிங்கம் இரும்பை அணைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். கணுக்கால் புதைந்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் தொட்டார். நாங்கள் எல்லோரும் சன்னலில் இருந்தோம்.

"பேப்பர் இருக்கா தம்பி?"

"எதுக்கு?"

"வண்டிக்கு."

"அது உங்க கையில இருக்கேலா அண்ணே!"

"போலீஸ் பிடிக்கலையா?"

"ரெண்டு தடவை நிறுத்தினாங்க. எந்த நம்பருக்குச் சம்மன் எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டாங்க. ஏறுங்க அண்ணே, மழை."

கனகலிங்கத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இந்த இரும்பை சீட்டுல வெச்சுக்கிட்டா? அப்ப வண்டிக்குப் பேப்பர் இருக்கிற மாதிரித்தானே?" என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

சண்முகரத்தினம் சன்னலைத் திறந்தார். "அது எப்படி? உங்க கையில இருக்கிறது பதிவான வாகனம். அதைத் தூக்கி அந்த சாமான்மேல வெச்சா, வாகனத்தை ஏத்திப் போறதா ஆகும். அதுக்குத் தனி பெர்மிட் வேணும்."

மழையில் நின்றபடி கனகலிங்கம் அதைத் திருப்பித் திருப்பி யோசித்தார். எங்கேயும் பிடி இல்லை. மெல்ல ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணே," என்றார் நசீருதீன். குரல் இறங்கிவிட்டது. "ஒரே ஒரு தடவை. யாரு பாக்கப்போறா?"

"நாங்க பாக்கறோமே," என்று பஸ்ஸிலிருந்து யாரோ சொன்னார்கள்.

கனகலிங்கம் ஏறிவந்து தம் இடத்தில் உட்கார்ந்தார். பதிவு பெறாத சாமானால் இழுக்கப்படுவது சங்கத்துக்கு ஏற்புடையதா என்று முறைப்படி பிரேரணை வந்தது. வழிமொழியப்பட்டது. ஏற்புடையதல்ல என்பவர்கள் கைதூக்கலாம் என்றார் தலைவர். எல்லோரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். கனகலிங்கத்தின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது. இரும்பைக் கீழே வைக்க அவருக்கு நேரம் பிடித்தது.